ஷஃபிளில் ஏன் அதே பாட்டு? – வாசகர் கேள்வி பதில்

சொந்தச் சேகரிப்பில் உள்ள பாட்டுகளை ஷஃபிளில் போட்டுக் கேட்பது குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் போனில் மூவாயிரம் பாட்டு இருக்கிறது. ஷஃபிள் போட்டால் ஒரு வாரத்துக்குள் அதே பாட்டுகள் திரும்ப வருகின்றன. சில சமயம் இளையராஜா பாட்டாகவே நாலைந்து வரிசையாக வருகிறது. ஆப் ஏதாவது கள்ளத்தனம் செய்கிறதா?
– வங்கி ஊழியர், திருச்சி

பதில்: பெரும்பாலும் இல்லை. இரண்டு தனித்தனி விஷயங்கள் இதில் கலந்திருக்கின்றன.

முதலாவது, ஷஃபிள் வேறு, ரேண்டம் வேறு. ஷஃபிள் என்றால் சீட்டுக்கட்டைக் கலைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது. கட்டு தீரும்வரை எந்தச் சீட்டும் இரண்டாம் முறை வராது. ரேண்டம் என்பது ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டுக்குள்ளேயே திரும்பச் செருகிவிட்டு, மறுபடி எடுப்பது. இந்த இரண்டாவது முறையில் 3000 பாட்டு இருந்தாலும் சுமார் 65 பாட்டுக்குள் ஏதாவது ஒன்று திரும்ப வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. பாட்டுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் அது ஐந்து மணி நேரக் கேட்பு, அவ்வளவுதான். கணினியில் ஃபூபார் 2000 என்ற பாட்டு நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் ‘பிளேபேக் ஆர்டர்’ பட்டியலைத் திறந்து பார்க்கலாம். அதில் ‘ரேண்டம்’ தனியாகவும் ‘ஷஃபிள் டிராக்ஸ்’ தனியாகவும் இருக்கும். போன் ஆப்கள் பலவற்றில் ஒரே ஒரு பொத்தான்தான் உண்டு. அது எந்த வகை என்று சோதிக்க, பத்துப் பாட்டு மட்டும் உள்ள ஒரு பிளேலிஸ்ட் போட்டு, ஷஃபிளை அழுத்தி, அடுத்து அடுத்து என்று தள்ளிப் பாருங்கள். பத்தும் ஒருமுறை வந்த பிறகே முதல் பாட்டு திரும்பினால் அது உண்மையான ஷஃபிள்.

உங்கள் ஆப் உண்மையான ஷஃபிளாகவே இருந்தாலும் வாரத்துக்குள் பாட்டு திரும்பும். காரணம், நீங்கள் காலையில் ஷஃபிளை அழுத்துவீர்கள், இருபது பாட்டு கேட்பீர்கள், மறுநாள் மறுபடி அழுத்துவீர்கள். ஒவ்வொரு அழுத்தலும் புதுக் கட்டு. தினம் 20 பாட்டு வீதம் ஏழு நாள் கேட்டால், 3000 பாட்டுச் சேகரிப்பில் சராசரியாக ஏறக்குறைய மூன்று பாட்டு மறுபடி வரும். தீர்வு எளிது: ஷஃபிளை வாரம் ஒருமுறைகூட அழுத்தாதீர்கள். ஒருமுறை கலைத்த வரிசையை அப்படியே வைத்து, ‘பிளே’ மட்டும் அழுத்தித் தொடருங்கள். இதற்கு ஆப் அந்த வரிசையை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் உள்ள ஆப்பைச் சாகடித்துவிடும், சில ஆப்களில் வரிசையும் கூடவே போய்விடும். செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் திறந்து பேட்டரி என்ற இடத்தில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று மாற்றுங்கள். மியூசிகோலெட் போன்ற ஆப்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளைத் தனித்தனியாகச் சேமித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். இணையம் இல்லாமலும் ஓடும்.

இரண்டாவது, இளையராஜா. உங்கள் சேகரிப்பில் அவர் பாட்டு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு நாற்பது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூறு பாட்டுக்குள் நாலோ அதற்கு மேலோ அவர் பாட்டே தொடர்ந்து வருவது சராசரியாக ஒரு தடவைக்கு மேல் நடக்கும். வராமல் இருந்தால்தான் ஆப்பைச் சந்தேகிக்க வேண்டும். உண்மையான குலுக்கல் கொத்துக் கொத்தாகத்தான் வரும். மனிதர்களுக்கு அது பொறுப்பதில்லை. இந்தப் புகார் உலகம் முழுவதும் வந்ததால்தான் 2005இல் ஐட்யூன்ஸ் ‘ஸ்மார்ட் ஷஃபிள்’ என்று ஒன்றைச் சேர்த்து, ஒரே கலைஞரின் பாட்டுகள் அடுத்தடுத்து வருவதைக் குறைத்துக்கொள்ள வழி செய்தது. ஸ்பாட்டிஃபையும் 2014இல் ஒரே கலைஞரின் பாட்டுகள் பட்டியல் முழுக்கப் பரவி வரும்படி தன் முறையை மாற்றியது. இரண்டுமே குலுக்கலைக் குறைத்து, குலுக்கியது போன்ற தோற்றத்தைக் கூட்டிய வேலை. சுத்தமான குலுக்கலுக்கான வழியை ஃபிஷர், யேட்ஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் 1938லேயே எழுதி வைத்துவிட்டார்கள். 1964இல் அது கணினிக்கு ஏற்ற வடிவமும் பெற்றது. கணக்கில் கோளாறு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒரே கலைஞர் என்று ஆப் எப்படிக் கண்டுபிடிக்கும்? பாட்டுக் கோப்புக்குள் உள்ள டேக்கில், அதாவது பாட்டின் விவரங்களை எழுதி வைக்கும் பகுதியில், ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற கட்டத்தைப் பார்த்துத்தான். நம் கோப்புகளில் அங்கே பாடகர் பெயர் இருக்கும், அல்லது ஏதாவது இணையதளத்தின் பெயர் இருக்கும். அதனால் எஸ்.பி.பி. பாட்டுக்கும் ஜானகி பாட்டுக்கும் இடையே இடைவெளி விடாது. இரண்டும் ஒரே இசையமைப்பாளர் என்பது அதற்குத் தெரியாது.

கேள்வி: அப்படியானால் டேக்கை எப்படித்தான் எழுதுவது? சினிமாப் பாட்டுக்கு ஆர்ட்டிஸ்ட் யார்?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: நாங்கள் சொல்லும் முறை இது. ‘ஆல்பம்’ கட்டத்தில் படத்தின் பெயரும் ஆண்டும். ‘ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் பாடகர்கள். ‘கம்போசர்’ கட்டத்தில் இசையமைப்பாளர். ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்திலும் இசையமைப்பாளரையே போடுங்கள். இது முக்கியம். இதைக் காலியாக விட்டால் ஆறு பாட்டுள்ள ஒரு படம், பாடகர் ஜோடி மாறும்போதெல்லாம் உடைந்து நாலைந்து ஆல்பமாகப் பட்டியலில் சிதறும்.

படத்தின் பெயரோடு ஆண்டு எதற்கு என்றால், பில்லா என்று 1980இல் ஒரு படம், 2007இல் ஒரு படம். முதலாவதற்கு எம்.எஸ். விஸ்வநாதன், இரண்டாவதற்கு யுவன் சங்கர் ராஜா. ஆண்டு இல்லாவிட்டால் இரண்டும் ஒரே ஆல்பமாகிவிடும். நான் மகான் அல்ல (1984, 2010), தில்லு முல்லு (1981, 2013) என்று இந்தப் பட்டியல் நீளம்.

இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் குறைந்தது நாலு விதமாக எழுதுகிறார்கள். ஆப்புக்கு அது நாலு ஆள். டேக்குகளைத் திருத்த உதவும் எம்பி3டேக் நிரலில் கம்போசர் கட்டத்தின் தலைப்பைச் சொடுக்கினால் பெயர்வாரியாக வரிசையாகும். ஒரே ஆளின் எல்லா வடிவங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கக் கட்டத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தட்டிச் சேமித்தால் ஆயிரம் கோப்பும் ஒரே வீச்சில் மாறிவிடும். வேலையைத் தொடங்கும் முன் சேகரிப்பு முழுவதையும் வேறு டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தவறான தேர்வோடு சேமித்துவிட்டால் ஆயிரம் கோப்பும் தவறாக மாறியிருக்கும், அதுவும் ஒரே வீச்சில்தான்.

கேள்வி: டேக்கைத் தமிழில் எழுதினால் சில கருவிகளில் கேள்விக்குறியாக வருகிறது. பழைய கோப்புகளில் ஏதோ புரியாத ஆங்கில எழுத்துகள் வருகின்றன.
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

கேள்விக்குறிக்குக் காரணம், எம்பி3 கோப்பில் டேக் எழுதும் முறையான ஐடி3யின் முதல் பதிப்பு. 1990களில் வந்த அந்த முறையில் கோப்பின் கடைசி 128 பைட்டில் எல்லா விவரமும் அடங்க வேண்டும், பாட்டின் தலைப்புக்கு 30 பைட்தான் இடம், யூனிகோடுக்கு அதில் ஏற்பாடே இல்லை. எம்பி3டேக்கின் அமைப்புகளில் எம்பெக் டேக் பகுதிக்குப் போய், எழுதும் முறையை ‘ஐடி3 2.3, யுடிஎஃப்-16’ என்று வைத்து, முதல் பதிப்பு டேக் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். 2.4 புதியதுதான் என்றாலும் பழைய கார் ஸ்டீரியோக்கள் 2.3ஐத்தான் தகராறில்லாமல் படிக்கின்றன.

புரியாத ஆங்கில எழுத்துகள், யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, டிஸ்கி போன்ற முறைகளில் தட்டியவை. உங்கள் தொழிலில் இது புதிதல்ல. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி ஒட்டினால் போதும். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலேயே விடுங்கள். பல கார் ஸ்டீரியோக்களில் தமிழ் எழுத்துரு இருக்காது, கட்டம் கட்டமாகத்தான் காட்டும்.

கேள்வி: ஷஃபிளில் பழைய பாட்டு வந்தால் காதே கேட்பதில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறோம். அடுத்து புதுப்பாட்டு வந்து தூக்கிவாரிப் போடுகிறது. வீட்டில் குழந்தை தூங்குகிறது.
– இல்லத்தரசி, மதுரை

பதில்: ஷஃபிளில் கேட்பவர்கள் எல்லாரும் படும் பாடு இது. ஒரே படத்தின் பாட்டுகளை வரிசையாகக் கேட்டால் இது தெரியாது. 1970களின் இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுத்த பாட்டும், 2000க்குப் பிறகு சத்தத்தை அழுத்தி ஏற்றி மாஸ்டர் செய்த பாட்டும் அடுத்தடுத்து வரும்போதுதான் குட்டு வெளிப்படும். இரண்டுக்கும் 8 முதல் 10 டெசிபல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். 10 டெசிபல் என்றால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம்.

இதற்கு மருந்து ரீப்ளேகெயின். 2001இல் முன்மொழியப்பட்ட முறை. ஒவ்வொரு பாட்டையும் நிரல் ஒருமுறை முழுதாக அளந்து, ‘இதை இத்தனை டெசிபல் குறை, அல்லது கூட்டு’ என்ற எண்ணை டேக்கில் எழுதிவிடும். பாட்டின் ஒலியைத் தொடாது. பாடும்போது ஆப் அந்த எண்ணைப் படித்து சத்தத்தைச் சரிசெய்யும். அடிப்படை அளவு 89 டெசிபல். ஃபூபார் 2000இல் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கில் ‘ரீப்ளேகெயின்’, அதற்குள் ‘ஒவ்வொரு கோப்பையும் தனிப்பாட்டாக அளக்க’ என்ற வரியைக் கொடுங்கள். மூவாயிரம் பாட்டை இரவில் ஓடவிட்டால் காலைக்குள் முடிந்திருக்கும். பிறகு போனில் அந்த எண்ணை மதிக்கும் ஆப் வேண்டும். பவர்ஆம்ப் மதிக்கும், அமைப்புகளில் அதை இயக்கிவிட வேண்டும்.

இங்கே தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. ‘டிராக் கெயின்’, ‘ஆல்பம் கெயின்’ என்று இரண்டு இருக்கும். ஆல்பம் கெயின், ஒரு படத்தின் மெல்லிய தாலாட்டும் அதே படத்தின் குத்துப்பாட்டும் தமக்குள் வைத்திருக்கும் வித்தியாசத்தை அப்படியே காப்பாற்றும். வரிசையாகக் கேட்க அதுதான் நியாயம். ஷஃபிளுக்கு டிராக் கெயின்தான். ஆல்பம் கெயினில் விட்டுவிட்டு, ‘ரீப்ளேகெயின் போட்டும் பலனில்லை’ என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஃபூபாரில் ‘வரிசைக்கு ஏற்ப’ என்ற தேர்வும் இருக்கிறது. ஷஃபிள் என்றால் டிராக், இல்லையென்றால் ஆல்பம் என்று தானே மாற்றிக்கொள்ளும்.

பென்டிரைவில் போட்டு டிவியிலோ காரிலோ கேட்பவர்களுக்கு இது உதவாது, அந்தக் கருவிகள் பெரும்பாலும் ரீப்ளேகெயின் டேக்கைப் படிப்பதில்லை. அவர்கள் எம்பி3கெயின் நிரலைப் பயன்படுத்தலாம். அது எம்பி3 கோப்புக்குள் இருக்கும் ஒலி அளவு எண்ணையே 1.5 டெசிபல் படிகளில் மாற்றும். ஒலியை மறுபடி அமுக்கி எழுதுவதில்லை (என்கோட்) என்பதால் தரம் குறையாது, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியும். 89 என்ற அளவையே வைத்துக்கொள்ளுங்கள். ‘சத்தம் போதவில்லை’ என்று 95, 97 என்று ஏற்றினால் உச்ச ஒலிகள் வெட்டுப்பட்டு தவில் அடியும் தபேலா அடியும் கரகரக்கும். சத்தம் வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் கூட்டுங்கள்.

கேள்வி: லாரியில் பென்டிரைவ் போட்டிருக்கிறேன். ரேண்டம் அழுத்தினாலும் வண்டி எடுக்கும்போதெல்லாம் அதே பாட்டில் தொடங்கி அதே வரிசையில் வருகிறது. பென்டிரைவை மாற்றியும் பார்த்துவிட்டேன்.
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

பதில்: மலிவு விலை ஸ்டீரியோக்களில் இது பரவலான குறை. குலுக்கலுக்கு ஒரு தொடக்க எண் வேண்டும். நல்ல கருவி அந்த எண்ணைக் கடிகாரத்திலிருந்தோ வேறு மாறும் அளவிலிருந்தோ எடுக்கும். இவை ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் ஒரே எண்ணில் தொடங்கும். ஒரே எண் என்றால் ஒரே வரிசை.

முதலில் ஒயரிங்கைப் பாருங்கள். ஸ்டீரியோவுக்குப் பின்னால் மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும், நினைவுக்கான மின்சாரம் அதில்தான். சிவப்பு ஒயர் சாவியைத் திருப்பினால் வருவது. மாட்டியவர் வேலையைச் சுருக்க இரண்டையும் சேர்த்து முறுக்கிச் சாவியில் கொடுத்திருந்தால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் ஸ்டீரியோவின் நினைவு துடைக்கப்படும். விட்ட பாட்டிலிருந்து தொடராது, ரேடியோ நிலையங்களும் மறந்துபோகும். லாரியில் இன்னொரு சிக்கல்: வண்டி 24 வோல்ட், ஸ்டீரியோ 12 வோல்ட் என்றால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் இருக்கும். அந்தக் கன்வெர்ட்டரே சாவிக்குப் பின்னால் மாட்டப்பட்டிருந்தால் மஞ்சள் ஒயரைத் தனியாகப் பிரித்தும் பயனில்லை. கன்வெர்ட்டரில் நினைவுக்கென்று தனி வெளியீடு இருக்கிறதா என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் குறுக்கு வழிக்குச் சம்மதிக்காதீர்கள், நாளடைவில் அந்த ஒரு பேட்டரி மட்டும் செத்துப்போகும்.

ஒயரிங் சரியாக இருந்தும் அதே கதை என்றால், குலுக்கலை ஸ்டீரியோவிடம் விடாமல் வீட்டிலேயே குலுக்கிக் கொண்டுவந்துவிடுங்கள். கணினியில் பிளேலிஸ்ட்டை உருவாக்கி, ‘ரேண்டமைஸ்’ கொடுத்து, பிளேலிஸ்ட் கோப்பாகச் சேமியுங்கள். அதை எம்பி3டேக்கில் திறந்தால் அந்த வரிசையிலேயே வரும். கோப்புகளின் நகலில், பெயருக்கு முன் 0001 முதல் நான்கு இலக்க எண் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பெயர்வாரியாக அடுக்கிய நிலையில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் காப்பி செய்யுங்கள்.

ஃபார்மட் ஏன் என்று கேட்பீர்கள். பல ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை, கோப்பு எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் பாடும். பழைய கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால், அழிந்த இடங்களில் புதியவை போய் உட்கார்ந்து வரிசை கலைந்துவிடும். இப்போது ஸ்டீரியோவில் ரேண்டத்தை அணைத்துவிட்டு நேர் வரிசையில் ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை புதிதாகக் குலுக்கி ஏற்றினால் போதும்.

32 ஜிபி டிரைவே வாங்குங்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு 2.4 எம்பி, அதாவது நாலரை நிமிடப் பாட்டு 11 எம்பிக்குச் சற்றுக் குறைவு, சுமார் 2900 பாட்டு கொள்ளும். அதைவிடப் பெரிய டிரைவ்களுக்குப் பல விண்டோஸ் கணினிகளில் ஃபேட்32 என்ற தேர்வே வராது, எக்ஸ்ஃபேட் முறையைப் பல ஸ்டீரியோக்கள் படிக்காது. ஒரு போல்டரில் படிக்கக்கூடிய பாட்டு எண்ணிக்கைக்கும் பல கருவிகளில் வரம்பு உண்டு. இருநூறு இருநூறாகப் போல்டர் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகளும் சேகரிப்பில் இருக்கின்றன. ஷஃபிளில் கல்யாணி ஆலாபனை முடிந்ததும் கிருதி வராமல் சினிமாப் பாட்டு வருகிறது. நடுவில் தனி ஆவர்த்தனம் மட்டும் தனியாக வருகிறது.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மயிலாடுதுறை

பதில்: சிடி தயாரித்தவர்கள் ஆலாபனை, தானம், பல்லவி, தனி என்று டிராக் பிரித்திருப்பார்கள். ஷஃபிளுக்கு டிராக்தான் தெரியும், உருப்படி தெரியாது. மூன்று வழி உண்டு.

ஒன்று, ஒரே உருப்படியின் துண்டுகளைச் சேர்த்து ஒரே கோப்பாக்குவது. எங்கள் சிபாரிசு இதுதான். எம்பி3டைரக்ட்கட் நிரலில் மறுபடி என்கோட் செய்யாமலே ஒட்டலாம். எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரி அளவில், உதாரணமாக 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவாக, இருக்க வேண்டும். ஒட்டும் இடத்தில் மிகச் சிறிய ஓர் இடைவெளி கேட்கலாம். எம்பி3 கோப்பு ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் என்கோடர் சேர்க்கும் மௌனம் அது. சிடி கையில் இருந்தால் அதிலிருந்து வேவ் கோப்பாக எடுத்து, அந்த நிலையில் சேர்த்து, பிறகு ஃபிளாக்காகவோ (தரம் குறையாமல் சுருக்கும் வகை) எம்பி3யாகவோ மாற்றினால் தம்பூரா ஸ்ருதி இம்மியும் தடங்காது.

இரண்டு, ஐட்யூன்ஸில் ஒவ்வொரு பாட்டின் விவரப் பக்கத்திலும் ‘ஷஃபிளில் தவிர்’ என்ற கட்டம் இருக்கிறது. ஒட்ட மனமில்லாதவர்கள் அதில் டிக் போடலாம். மூன்று, ஃபூபாரில் ‘ஷஃபிள் ஆல்பம்ஸ்’. இதில் எந்தக் கச்சேரி என்பதுதான் குலுக்கல், அதற்குள் எல்லாம் வரிசையாக வரும். கச்சேரி ரசிகர்களுக்கு இதுவே பொருத்தம். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும்படி ஒருவர் யோசித்து அடுக்கியதை நாம் ஏன் கலைக்க வேண்டும்?

கேள்வி: ராத்திரி பதினொரு மணிக்குச் சுப்ரபாதம் வருகிறது. கல்யாண வீட்டில் போட்டால் நடுவே ஒப்பாரி வருகிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோ, கால் ரெக்கார்டிங்கூட வந்துவிடுகிறது!
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் நிறுத்துங்கள், மானம் போகும். ஆப்பின் அமைப்புகளில் எந்தப் போல்டர்களைப் படிக்க வேண்டும் என்று தேர்வு செய்யும் இடம் இருக்கும். பாட்டு போல்டரை மட்டும் விட்டு மற்றதை விலக்கிவிடுங்கள். 60 வினாடிக்குக் குறைந்தவற்றைக் காட்டாதே என்ற தேர்வு இருந்தால் அதையும் போடுங்கள்.

மற்றதற்கு ‘ஜானர்’ கட்டம். நம் கோப்புகளில் அதில் ‘தமிழ்’ என்றோ ‘சவுண்ட்டிராக்’ என்றோ இருக்கும், எதற்கும் பயன்படாது. பக்தி, சோகம், தாலாட்டு, திருமணம், கச்சேரி, பொது என்று ஆறே சொல் வைத்துக்கொள்ளுங்கள். இருபது வகை வைத்தால் எதில் போடுவது என்று யோசித்தே கைவிட்டுவிடுவீர்கள். பிறகு மியூசிக்பீ என்ற கணினி நிரலில் ‘ஆட்டோ பிளேலிஸ்ட்’ உருவாக்கி, ஜானர் பக்தியாக இருக்கக் கூடாது, சோகமாக இருக்கக் கூடாது, கடந்த 30 நாளில் ஒலித்திருக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனை கொடுங்கள். மூன்றாவது நிபந்தனை, திருச்சி வாசகர் கேட்ட முதல் கேள்விக்கும் சேர்த்து மருந்து.

கேள்வி: 128 கேபிபிஎஸ் பாட்டுகளை 320 ஆக மாற்றினால் தரம் கூடுமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: கூடாது. கோப்பின் எடைதான் கூடும். போன ஒலி போனதுதான், இரண்டாம் முறை அமுக்குவதில் இன்னும் கொஞ்சம் போகும். வெளியிலிருந்து வந்த ‘320’ கோப்பு உண்மையா என்று பார்க்க ஸ்பெக் என்ற நிரலில் திறந்து படத்தைப் பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் முடிந்தால் அது 128இலிருந்து ஊதிப் பெருக்கியது. உண்மையான 320 பொதுவாக 20 வரை போகும். பழைய கேசட் பதிவுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, மூலத்திலேயே அந்த உயரம் இருக்காது.

கேள்வி: இலங்கை வானொலியிலிருந்து அப்பா பதிவு செய்த கேசட்டுகள் முப்பது இருக்கின்றன. பாட்டுகளைப் பிரித்துச் சேகரிப்பில் சேர்க்க ஆசை. அறிவிப்பாளர் குரலை வெட்டுவதா, விடுவதா?
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: வெட்ட வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம், முதலில் கேசட்டைக் கவனிப்போம்.

ஓட்டும் முன் ஒவ்வொரு கேசட்டையும் ஒருமுறை முழுதாக முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள். வருடக்கணக்கில் அசையாத நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். திறந்த பக்கத்தின் நடுவில் ஒரு சிறு கம்பளித் துண்டு நாடாவை, டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) நாடாவைப் படிக்கும் தலையோடு அழுத்திக்கொண்டிருக்கும். அது உதிர்ந்திருந்தால் ஒலி மங்கி ஏறி இறங்கும், வேறொரு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்துங்கள். சி-90 நாடா சி-60ஐவிட மெல்லியது, அதை நடுவில் நிறுத்தி நிறுத்தி ஓட்டாதீர்கள். தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு ஓட்டுங்கள். நாலைந்து கேசட்டுக்கு ஒருமுறை திரும்பத் துடைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது பலர் தாண்டிப்போகும் படி: அசிமத். தலையின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு திருகாணி இருக்கும். பதிவு செய்த டெக்கின் தலை சாய்ந்திருந்த கோணமும் இப்போது ஓட்டும் டெக்கின் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் ‘ச’, ‘ஸ’ ஓசைகள் எல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஒலியை மோனோவில் வைத்து, பாட்டு ஓடும்போதே திருகாணியை மிக மெதுவாக, இரு பக்கமும் கால் சுற்றுக்கு மேல் போகாமல், திருப்பிப் பாருங்கள். ஓசை எங்கே மிகத் தெளிவாகிறதோ அங்கே நிறுத்துங்கள். முப்பது கேசட்டும் ஒரே டெக்கில் பதிவானவை என்றால் ஒருமுறை செய்தால் போதும்.

டெக்கின் லைன்-அவுட்டிலிருந்து, லைன்-இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ கருவி வழியாகக் கணினிக்குக் கொடுங்கள். மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் ஒலி உடையும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் 44100 ஹெர்ட்ஸ், 24 பிட். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். சி-60இன் ஒரு பக்கம் 30 நிமிடம். ஸ்டீரியோவாக எடுத்தால் 24 பிட்டில் 475 எம்பி பிடிக்கும். ஃபிளாக்காகச் சேமித்தால் சுமார் பாதியாகும். மோனோ பதிவென்றாலும் முதலில் ஸ்டீரியோவாகவே எடுங்கள். நாடாவின் ஒரு ஓரம் சேதமாகியிருந்தால் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும்.

பாட்டு வேகமாகவோ மெதுவாகவோ ஓடினால், வெளியான இசைத்தட்டுப் பதிப்போடு ஸ்ருதியை ஒப்பிடுங்கள். ஒரு ஸ்வரஸ்தானம் உயர்ந்திருந்தால் வேகம் சுமார் 6 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். ‘சேஞ்ச் ஸ்பீட்’ கொடுத்துத் திருத்தலாம். இரைச்சல் நீக்கியை 6 டெசிபலுக்கு மேல் போடாதீர்கள். மேலே போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும்.

மத்திய அலை ஒலிபரப்பில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் வந்திருக்காது. ஆகவே ஷஃபிளுக்கான நகலுக்கு மோனோ, 64 கேபிபிஎஸ் தாராளம். கேசட் பக்கம் முழுவதும் உள்ள ஃபிளாக் மட்டும் வெட்டாமல் தனியாக, இரண்டு இடங்களில், இருக்கட்டும்.

இப்போது அறிவிப்பாளர். பாட்டைப் பிரிக்கும்போது, அதை அறிமுகப்படுத்தும் பேச்சை அந்தப் பாட்டின் தலையிலேயே விட்டுவிடுங்கள். பேச்சைத் தனி டிராக்காக வெட்டினால் ஷஃபிளில் ஒரு படத்தின் பெயரைச் சொல்லி முடித்ததும் வேறு படத்தின் பாட்டு வரும். முற்றாக வெட்டி எறிந்தால் அந்தப் பாட்டு சந்தையில் கிடைக்கும் நல்ல பதிவின் மங்கலான நகல், அவ்வளவே. உங்களிடம் இருப்பதில் வேறெங்கும் கிடைக்காத பகுதி அந்தக் குரலும், நேரம் சொல்வதும், பிறந்தநாள் வாழ்த்துப் பட்டியலும்தான். பதிவின் காலத்தைக் கணிக்கவும் அதுவே உதவும். நிலையத்தின் பெயரில் ‘கூட்டுத்தாபனம்’ என்று வந்தால் 1967க்குப் பிந்தையது, அந்த ஆண்டில்தான் வானொலி கூட்டுத்தாபனமாக மாறியது. கேட்டுத் தெரிந்துகொண்ட தேதி, நிகழ்ச்சிப் பெயர், கேசட் எண், பக்கம் எல்லாவற்றையும் டேக்கின் ‘கமென்ட்’ கட்டத்தில் எழுதிவிடுங்கள். கேசட் உறையில் அப்பா கையால் எழுதிய பட்டியலைப் படமெடுத்து, ஆல்பம் படமாகவே சேர்த்துவிடலாம். 500 பிக்சல் சதுரம் போதும்.

கேள்வி: கிராஸ்ஃபேடு போடலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: ஒரு பாட்டு தேய்ந்து முடியும்போதே அடுத்தது அதன்மேல் ஏறி வருவதுதான் கிராஸ்ஃபேடு. நம் சினிமாப் பாட்டுக்கு வேண்டாம். முகப்பு இசை தொடங்கும் அந்த முதல் மூன்று வினாடியைத்தான் அது முந்தைய பாட்டின் வாலோடு குழப்பும். நடன நிகழ்ச்சிக்கு மட்டும் போடுங்கள்.

கேள்வி: ஒரே பாட்டு மூன்று நான்கு போல்டரில் இருக்கிறது. எப்படி நீக்குவது? அதோடு, எப்போது வந்தாலும் தாண்டிவிடும் பாட்டுகளையும் நீக்கிவிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: ‘ஹிட்ஸ்’ தொகுப்புகள் செய்யும் வேலை இது. பாடகர் தொகுப்பில் ஒன்று, இசையமைப்பாளர் தொகுப்பில் ஒன்று, படத்தின் போல்டரில் ஒன்று. மூன்று நகல் உள்ள பாட்டு ஷஃபிளில் மூன்று மடங்கு வரும். ‘இந்தப் பாட்டு மட்டும் ஏன் துரத்துகிறது’ என்ற கடிதங்களில் பாதிக்கு இதுவே விடை.

கோப்பின் அளவை வைத்தோ பெயரை வைத்தோ தேடும் நிரல்கள் ஏமாற்றும். டேக் ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு வேறாகிவிடும். மியூசிக்பிரெயின்ஸ் பிகார்டு என்ற நிரலில் ‘ஸ்கேன்’ கொடுத்தால் ஒலியின் கைரேகையை வைத்துத் தேடும். அடையாளம் தெரிந்தவை ஒரே பாட்டின் கீழ் கூடும். எல்லாத் தமிழ்ப் பாட்டும் அதன் தரவுத்தளத்தில் இல்லை, மிச்சத்தைத் தலைப்பும் நீளமும் வைத்துக் கையால்தான் பார்க்க வேண்டும். தலைப்பு ஒன்றாக இருந்து நீளம் இரண்டு வினாடிக்குள் ஒத்துப்போனால் அநேகமாக நகல். நீளம் மாறினால் நிறுத்திக் கேளுங்கள். நம் படங்களில் ஒரே பல்லவி சந்தோஷமாக ஒருமுறை, சோகமாக ஒருமுறை வரும், ஆண் குரலில் ஒன்று பெண் குரலில் ஒன்று வரும். தலைப்பில் அந்த வித்தியாசம் இருக்காது. தானாக நீக்கச் சொன்னால் சோகப் பாட்டுதான் முதலில் பலியாகும், அது பொதுவாகக் குட்டையானது.

தாண்டும் பாட்டுகளை எண்ணிவைக்கும் வசதி ஐட்யூன்ஸிலும் மியூசிக்பீயிலும் உண்டு. ஐந்து முறைக்கு மேல் தாண்டியவை, ஒருமுறைகூட முழுதாகக் கேட்காதவை என்று ஒரு ஆட்டோ பிளேலிஸ்ட் போட்டால் பட்டியல் வந்துவிடும். அவற்றை ஷஃபிளிலிருந்து விலக்கிவிட்டு, கோப்புகளை மட்டும் ஒரு பழைய டிரைவில் போட்டு வையுங்கள். வீட்டில் வேறு யாராவது அதைத் தேடிக்கொண்டு வருவார்கள்.